இலை கடலூரில், சோறு சிதம்பரத்தில்

கடைசிப் பாட்டின் இரண்டாவது சரணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அன்றைக்கு யாரும் சமைக்கவில்லை என்று.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு. கடலூரில் எங்கள் ஆலயம் நிரம்பியிருந்தது. ஆல்டர் பீடத்தின் படிகளில் கரும்புக் கட்டு, நெற்கதிர், பண்ருட்டிப் பலாப்பிஞ்சு, கால் கட்டிய சேவல் ஒன்று. பிரசங்கம் முழுக்க அந்தச் சேவல் பாஸ்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பொத்தாமலே சிரித்தேன்.

ஆனால் என் மூக்கு சும்மா இருக்கவில்லை. மற்ற வருடங்களில் மூன்றாவது பாட்டுக்குள் வெங்காயம் வதங்கும் வாசனை ஜன்னல் வழியாக வந்துவிடும். பிரசங்கத்தின் பாதியில் பட்டையும் கிராம்பும். காணிக்கை எடுக்கும்போது புதினா. ஆசீர்வாதம் கூறும்போது சபையில் பாதிப் பேருக்கு மனசு ஆல்டரில் இருக்காது. அன்று வந்தது மெழுகுவர்த்தி வாசனையும் பக்கத்தில் இருந்த அம்மாளின் மல்லிகையும்தான்.

ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினேன். சந்தைத் தாண்டினால் எங்கள் பழைய ஹால். அதன் பின்னால்தான் கோட்டை அடுப்புகள். போய்ப் பார்த்தால் அடுப்புச் சாம்பலில் ஒரு நாய் சுருண்டு படுத்துத் தூங்குகிறது.

அண்டா இல்லை, விறகு இல்லை, ஆள் இல்லை. இருநூறு பேருக்கு மேல் உள்ளே ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 

ஒரு பாஸ்டர், இரண்டு ஊர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் வசந்தா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் தங்கை அன்பு வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில்.

நாங்கள் மெதடிஸ்ட்காரர்கள். கடலூரில் ஒரு ஆலயம், சிதம்பரத்தில் ஒரு ஆலயம், அப்போதெல்லாம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாஸ்டர். அவர் காலையில் இங்கே ஆராதனை நடத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க பஸ் பிடித்து மதியத்துக்குள் அங்கே போவார். பாடகர் குழுவும் ஒன்றுதான். நல்ல பெண் குரல்கள் சிதம்பரத்தில், ஆண்களின் கட்டைக் குரல்கள் பெரும்பாலும் கடலூரில். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் பாதி வழியில் புதுச்சத்திரத்தில் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம்.

ஒரு புயல் வருடம் எங்கள் ஆலயத்து ஓடெல்லாம் பறந்துபோனது. ரோட்டில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், சிதம்பரத்துக்காரர்கள் டிராக்டரில் தார்ப்பாயும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நாங்கள் கூப்பிடவே இல்லை. கூப்பிட போனும் வேலை செய்யவில்லை. அந்தத் தார்ப்பாயின் கீழேதான் அந்த வருடம் நாங்கள் புத்தாண்டு ஆராதனை நடத்தினோம்.

இதற்கெல்லாம் மேலே, அறுப்பின் பண்டிகை. அது ஒரு வருடம் கடலூரில் என்றால் மறு வருடம் சிதம்பரத்தில். தை மாதக் கடைசி ஞாயிறு, மாறவே மாறாது. சாப்பாட்டுக்கு என்று எங்களுக்கு ஒரு முறை உண்டு. பண்டிகை நடக்கிற ஊர் சோறு ஆக்கும். விருந்தாளியாக வருகிற ஊர் வாழை இலை, தயிர், வெங்காயப் பச்சடி கொண்டுவரும். முதல் பந்தியில் விருந்தாளி ஊர்தான் பரிமாற வேண்டும், வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்புறம் இவர்கள் எழுந்து அவர்களுக்குப் போடுவார்கள். யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தோசைக்குச் சட்னி மாதிரி அது எங்களுக்குப் பழகிப்போனது.

பிரியாணி, பரங்கிப்பேட்டை கமால் பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு அண்டாதான் எங்கள் பண்டிகைக்கு வரும்.

உத்தரவு

பிறகு மேலிடத்தில் தகராறு வந்தது. திருச்சபை யாருடைய ஆளுகையில் இருப்பது, யார் பேராயர் என்று ஆரம்பித்துக் கேஸில் போய் நின்றது. திருச்சபையை நிர்வகிக்கிற மாநாடே பழைய மாநாடு, புதிய மாநாடு என்று இரண்டாகிவிட்டது. எது சரி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரம் பாதி வாசகர்கள் என்னை அடிக்க வருவார்கள், மீதிப் பேர் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

எந்தப் பக்கம் போவது என்று ஒவ்வொரு சபையும் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். கடலூர் புதிய மாநாட்டுக்குக் கை தூக்கியது. சிதம்பரம் பழையதிலேயே இருந்துகொண்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் நாங்கள் மறுதரப்பு ஆகிவிட்டோம். என் கூடப்பிறந்த தங்கை எனக்கு மறுதரப்பு.

எங்கள் பக்கத்தை முன்னால் நின்று நடத்தியவர் எங்கள் சபைச் செயலாளர் தனராஜ் மாமா. தலைமை ஆசிரியராக இருந்தவர். சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாமா. சிதம்பரத்தில் நின்றவர் தாவீது, என் தங்கை புருஷன். பாடகர் குழுவில் மாமாவும் தாவீதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கட்டைக் குரல் பாடியவர்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் மாமாவுக்கு அத்தனை கோபம்.

"மத்தவன் போயிருந்தா விடும்மா. இவன் என் பக்கத்துல நின்னவன்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டு மாநாடும் உத்தரவு அனுப்பின. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்தது போல வாசகம். மறுதரப்பினரின் ஆலய வளாகத்துக்குள் நுழையக் கூடாது. மறுதரப்புப் போதகரை ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஓரிடத்தில் கூடி ஆராதிக்கக் கூடாது. எங்களுக்குத் தனியாக ஒரு சின்ன வயதுப் பாஸ்டர் வந்தார். நல்ல பிள்ளை. பாவம், இந்த உத்தரவை வாசிப்பதுதான் அவருடைய முதல் வேலை.

போனுக்கு வளாகம் கிடையாது

நான் முப்பது வருடத்துக்கு மேல் உத்தரவுகளை டைப் அடித்தவள். உத்தரவில் என்ன இருக்கிறதோ அதுதான் உத்தரவு. இல்லாதது இல்லை.

புதன்கிழமை பெண்கள் ஜெபம் எங்களுக்கு இரண்டு ஊருக்கும் பொது. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. உத்தரவு வந்த பிறகு வந்த முதல் புதன், என் வீட்டில் பெண்கள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போனை எடுத்து அன்புவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் வீட்டு ஹாலில் சிதம்பரத்துப் பெண்கள் அதே மாதிரி மூஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, இது தப்பில்லையா? உத்தரவு இருக்கே" என்றாள் அன்பு.

"வளாகத்துக்குள்ள நுழையக் கூடாதுன்னுதானே போட்டிருக்கான்? போனுக்கு ஏதுடி வளாகம்? நான் என் வீட்ல இருக்கேன், நீ உன் வீட்ல இரு. பாட்டை ஆரம்பி."

போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். அங்கே பாடுவது ஒரு நொடி கழித்துத்தான் இங்கே வரும். அவர்கள் 'ஆமென்' என்று முடிக்கும்போது நாங்கள் முடித்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருப்போம். கேட்கச் சகிக்காது. ஆனால் ஒரு புதன்கிழமைகூட நாங்கள் விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவர், பரீட்சை எழுதுகிற பிள்ளை, வெளிநாட்டில் வேலை தேடுகிற மகன், எல்லோருடைய பெயரும் இரண்டு ஊரிலும் சொல்லப்பட்டது.

ஆண்களுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். தனராஜ் மாமா வீட்டு அத்தையே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் போன் எத்தனை நாளைக்கு? பெண்கள் ஜெபம் செய்கிறோம், சரி. பிள்ளைகள்? அவர்கள் ஒருவரையொருவர் மறந்துவிட்டால் பத்து வருடத்தில் சிதம்பரம் யாரோ, கடலூர் யாரோ. பண்டிகை வந்தது. முதல் முறையாக இரண்டு ஊரிலும் தனித்தனியாக, அதே தை கடைசி ஞாயிற்றில். அதோடு விடவில்லை. பண்டிகைச் சாப்பாடு முடிந்து நாலு மணிக்குக் கமிட்டி கூடும், சிதம்பரம் சபையோடு எல்லா உறவையும் முடித்துக்கொள்வதாக மாமா தீர்மானம் கொண்டுவருவார் என்று அறிவித்தார்கள். பெண்கள் போன் ஜெபம் உட்பட.

நானும் கமிட்டியில் இருக்கிறேன். என்னையும் சேர்த்து எதிர்க்க நாலு பேர்கூடத் தேற மாட்டோம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாய் எங்கே?

இப்போது நாய் தூங்குகிற அடுப்புக்கு வருவோம்.

ஆராதனை முடிந்து மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்டாவை நான் ஒளித்து வைத்துவிட்டேனோ என்கிற பார்வை அது.

"காலையில போன் பண்ணேனே. அடுப்புப் பத்த வச்சாச்சு, கவலைப்படாதீங்கன்னு சொன்னாரே" என்றார்.

நான் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? சிதம்பரத்துலதான். தம் போட்டாச்சு. நீங்க எல்லாம் இன்னும் கிளம்பலயா?"

மாமா போனைப் பிடுங்கினார். "பாய், நான் உங்ககிட்ட கடலூருக்குத்தானே சொன்னேன்?"

"மாமா, நீங்க என்ன சொன்னீங்க? பண்டிகை வருது பாய், வழக்கம் போலன்னு சொன்னீங்க. மறுநாள் தாவீது சாரும் போன் பண்ணி அதையேதான் சொன்னாரு. சரி, ரெண்டு பேரும் ஞாபகப்படுத்துறாங்கன்னு நெனச்சேன். போன தடவை கடலூர். இந்தத் தடவை சிதம்பரம் முறைதானே? எப்பவும் போடுற அளவு போட்டிருக்கேன். மூணு அண்டா."

"நாங்க பிரிஞ்சிட்டோம் பாய்."

"ஏதோ மனஸ்தாபம்னு கேள்விப்பட்டேன். அதுக்கும் சோத்துக்கும் என்ன மாமா?"

பாய்க்கு இதில் உபதேசம் செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. அவருக்கு அடுப்பு வேலை தலைக்கு மேல் இருந்தது, கூடவே எரிச்சல். ஒரு அண்டாவை வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னார் மாமா. பாய் மறுத்துவிட்டார். நெருப்பிலிருந்து இறக்கி, குலுக்கிக் குலுக்கி வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தால் சோறு குழைந்துவிடும், பரங்கிப்பேட்டையில் அவர் தலை காட்ட முடியாது என்றார்.

மாமா ஓட்டல்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். தை மாதம், முகூர்த்த நாள். ஊரில் இருக்கிற மாஸ்டர் எல்லாம் கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள். ஒரு ஓட்டல்காரர் இருபது பரோட்டா தருகிறேன் என்றார்.

பிள்ளைகள் ஆல்டரில் இருந்த கரும்பைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஆலய வாசலில் ராமாபுரம் தோட்டத்து வாழை இலை கட்டுக் கட்டாகக் கிடந்தது. பக்கத்தில் தயிர்க் கேன். முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் பெண்கள் கண்ணில் தண்ணீர் வர நறுக்கிய வெங்காயம் இரண்டு அன்னக்கூடை. எல்லாம் இருந்தது, சோறு ஒன்றுதான் இல்லை.

அப்போது அன்புவின் போன் வந்தது. ரகசியக் குரல்.

"அக்கா, இங்க ஒரே கூத்து. இலை இல்ல."

"என்னது?"

"யாருமே இலை வாங்கல. சிதம்பரத்துல பண்டிகைன்னா இலை கடலூர்லேர்ந்துதானே வரும்? அந்தப் பழக்கத்துலயே எல்லாரும் இருந்துட்டோம். தயிரும் இல்ல. இவரு மார்க்கெட்டுக்கு ஓடினாரு, முகூர்த்தத்துல ஒரு இலை மிச்சமில்லையாம். பேப்பர் தட்டு வாங்கப் போறேங்கிறாரு, பாய் விட மாட்டேங்கிறாரு. என் பிரியாணியைப் பேப்பர்ல போடாதீங்கன்னு சண்டை."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. மாமா என்னை முறைத்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இரண்டு ஊரும் கையைத் தூக்கிப் பிரிந்துவிட்டது. ஆனால் ஒரு ஊருக்குக்கூடத் தனியாகப் பண்டிகை கொண்டாடத் தெரியவில்லை. அவரவர் வேலையை அவரவர் அப்படியே பழைய மாதிரி செய்து வைத்திருந்தோம்.

"அன்பு, அவரைப் பேப்பர் தட்டு வாங்க விடாதே. செருப்பை ஒளிச்சு வை. இலை வருது" என்றேன்.

எனக்குப் பசிக்கிறது

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மூன்று வேன் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும்.

நான் ஆலய வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். "சோறு சிதம்பரத்துல இருக்கு. இலை நம்மகிட்ட இருக்கு. எனக்குப் பசிக்குது, நான் போறேன். வர்றவுங்க வாங்க."

"உத்தரவு என்ன ஆகும்?" என்று மாமா கத்தினார்.

"வளாகத்துக்குள்ள போகக் கூடாது, அவ்வளவுதான் மாமா. தெருவுல நிக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

தனராஜ் மாமா வீட்டு அத்தைதான் முதலில் வேனில் ஏறினார். தயிர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? மூன்று வேன் நிரம்பியது. பைக்குகள், ஷேர் ஆட்டோ நாலு, மீதிப் பேர் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். ஆல்டரில் இருந்த கரும்பையும் மற்ற காணிக்கைகளையும் பிள்ளைகள் வேன் மேல் ஏற்றினார்கள், சேவலைக்கூட யாரோ அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள்.

மாமாவும் வந்தார். சோற்றை வாங்கிக்கொண்டு திரும்பத்தான் வருகிறேன், உட்கார அல்ல என்று என்னிடம் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினார். பாஸ்டர் வேன் கதவருகே தயங்கி நின்றார். அவர் வந்தால் அவருடைய வேலைக்கே ஆபத்து. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"காலையில ஒரு டீதான் குடிச்சேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டே ஏறி, இலைக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

கேட்டுக்கு உள்ளும் வெளியும்

சிதம்பரம் ஆலயம் சின்னச் சந்துக்குள் இருக்கிறது. வளாகம் பாய் விரித்தால் நாலு வரிசைக்குக் காணாது. அதனால் அங்கே பண்டிகை என்றால் பந்தி கேட்டைத் தாண்டிச் சந்தில் நீளும். அன்றும் அதே பழக்கத்தில் சந்து முழுக்கப் பாய் விரித்துப் போட்டிருந்தார்கள், உட்கார ஆள் இல்லாமல்.

கேட்டில் தாவீது நின்றுகொண்டிருந்தார். வெறும் காலோடு. தங்கை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

மாமா வேனிலிருந்து இறங்கினார். கை தூக்கிய நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"சோத்தைக் குடு மாப்ள, போயிடுறோம்."

"இலையைக் குடுங்க மாமா."

 பின்னால் இருந்து பாயின் குரல் வந்தது. "ரெண்டு ஊரும் வந்தாச்சில்ல? உக்காருங்க, தம் ஒடைக்கப் போறேன்."

உட்காருங்கள் என்று சொல்ல எங்களுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. நாங்கள் சந்தில் உட்கார்ந்தோம். அவர்கள் வளாகத்துக்குள் உட்கார்ந்தார்கள். ஒரே வரிசை, நடுவில் திறந்த கேட். பிள்ளைகள் இலையைப் போட்டுக்கொண்டே ஓடினார்கள். உள்ளே எது, வெளியே எது என்று இலைக்குத் தெரியாது. அன்பு கேட்டுக்கு உள்பக்கம் கடைசியாகவும் நான் வெளிப்பக்கம் முதலாகவும் உட்கார்ந்தோம். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

இப்போது புதுச் சிக்கல். ஜெபம் செய்யாமல் எங்கள் ஊரில் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. யார் செய்வது? அன்றைக்குச் சிதம்பரத்துக்குச் சிறப்புப் பிரசங்கியாராகப் பழைய மாநாட்டில் பாஸ்டர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மாவட்டக் கண்காணிப்பாளரே வந்திருந்தார். அவர் செய்தால் நாங்கள் அவர்களோடு கூடி ஆராதித்தவர்கள் ஆகிவிடுவோம். எங்கள் பாஸ்டர் செய்தால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பாய் மூடியைத் திறந்துவிட்டார். ஆவி கிளம்பி, அந்த வாசனை சந்து முழுக்கப் பரவியது. காலையிலிருந்து என் மூக்கு தேடிக்கொண்டிருந்த வாசனை.  பசியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

கண்காணிப்பாளர் ஐயா எழுந்தார். உயரமான மனிதர். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சுகர் மாத்திரையை அவர் போட்டு வெகு நேரமாகிவிட்டது என்று அன்பு என் காதில் கிசுகிசுத்தாள். கேட் வரைக்கும் நடந்து வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் பாஸ்டர் சந்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார் ஐயா. "சுருக்கமா."

சந்தே சிரித்தது. பாஸ்டர் எழுந்து நின்றார். 

"ஆண்டவரே, பசியோட வந்தோம். எங்களை ஒண்ணா உக்கார வச்சீங்க. நன்றி. ஆமென்."

பண்டிகைச் சாப்பாட்டு ஜெபத்துக்கு ஆமெனை நாங்கள் ராகத்தோடு மூன்று முறை பாடுவோம். உள்ளே இருந்து சிதம்பரத்துப் பெண் குரல்கள் எழும்பின. வெளியே இருந்து எங்கள் ஆண்கள். போனில் கேட்கிற மாதிரி ஒரு நொடி பிந்தவில்லை. மூன்றாவது ஆமெனில் கட்டைக் குரல் கீழே இறங்கும் இடத்தில், கேட்டுக்கு அந்தப் பக்கம் தாவீது, இந்தப் பக்கம் மாமா. இரண்டு குரலும் ஒன்றாக இறங்கின.  அன்பு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது பரிமாறுவது. முதல் பந்திக்கு விருந்தாளி ஊர்தான் பரிமாற வேண்டும். அதற்கு நாங்கள் உள்ளே போயாக வேண்டும். கேட்டைத் தாண்டி, வளாகத்துக்குள். இதற்கு மட்டும் உத்தரவில் நான் எந்தச் சந்தும் கண்டுபிடிக்கவில்லை. கடலூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தனராஜ் மாமா எழுந்தார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். பாயிடம் வாளியை வாங்கினார். கேட்டைத் தாண்டினார். வலது கால், இடது கால் என்றெல்லாம் பார்க்கவில்லை, விறுவிறுவென்று போனார். கண்காணிப்பாளர் ஐயாவின் இலையில் முதல் கரண்டி. அப்படியே வரிசையாக வந்தவர் தாவீது முன்னால் நின்றார்.

"போதும் மாமா" என்றார் தாவீது.

"நீ எவ்வளவு சாப்பிடுவேன்னு எனக்குத் தெரியாதா? கையை எடு" என்று இன்னொரு கரண்டி போட்டார் மாமா. தாவீது தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம். நான் பச்சடி. அத்தை தயிர்.

பொருள் ஒன்று

நாலு மணி ஆனது. எங்கள் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள், சிதம்பரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு. கூட்டம் கூட்டமாகத்தான் நடக்க வேண்டும் என்றார் மாமா. அவர் தலைமை ஆசிரியராக இருந்தவர் என்று சொன்னேனே, மணி அடித்தால் வகுப்பு நடந்தாக வேண்டும். மறுதரப்பின் வளாகத்திலேயே, ஒரு பெஞ்சைச் சுற்றி எங்கள் கமிட்டி கூடியது.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.  சோறு வேறு, தீர்மானம் வேறு என்று நினைக்கக்கூடிய மனிதர் அவர். சாப்பிட்ட கையோடு உறவை வெட்டினாலும் வெட்டுவார்.

சிதம்பரத்துப் பெண்கள் கொஞ்சம் தள்ளி அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் தேங்காய் நார் சத்தம் நின்றுவிட்டது.

மாமா எழுந்து நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பொருள் ஒன்று. சிதம்பரம் சபையோடு எல்லா உறவையும் முடித்துக்கொள்வது" என்று பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் முன்மொழியறதா இருந்தது. நான் முன்மொழியல. வேற யாராவது முன்மொழியறதுன்னா எந்திரிங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். அன்றைக்குக் கை தூக்கியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எதிர்த்து நாலு பேர் தேறுவோமா என்று வாரம் முழுக்க நான் கணக்குப் போட்டிருந்தேன். எதிர்க்க அவசியமே வரவில்லை. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"முன்மொழிய ஆளில்லை. பொருள் விழுந்துவிட்டது" என்றார் மாமா.

என் தங்கை கையில் இருந்த அண்டா மூடியைக் கரண்டியால் டமால் என்று ஒரு அடி அடித்தாள். அவ்வளவுதான், இரண்டு ஊரும் கை தட்டியது. கண்காணிப்பாளர் ஐயா காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து, என்னவென்று கேட்டுத் தானும் தட்டினார். நான் அழுதேன். நான் அழுகிற ரகம் இல்லை. அன்றைக்கு நன்றாகவே அழுதேன்.

இரண்டு மாநாடும் அப்படியேதான் இருக்கின்றன. கேஸ் நடக்கிறது. ஆலயப் போர்டுகளில் வேறு வேறு பெயர். எங்கள் பாஸ்டரிடம் மேலிடம் விளக்கம் கேட்டது. பசித்தது, சாப்பிட்டேன், ஜெபம் செய்யச் சொன்னார்கள், செய்தேன் என்று பதில் அனுப்பினார். அதற்குமேல் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. புதுச்சத்திரத்து மாடியில் மறுபடியும் பாட்டுப் பயிற்சி நடக்கிறது. மாமாவும் தாவீதும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அன்று சாயங்காலம், எல்லாப் பண்டிகைக்கும் போல, ஆல்டரில் வைத்த காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டோம். இரண்டு ஊர்ப் பொருள்களும் ஒரே குவியலாகக் கிடந்தன. எதிர் ஊர் ஏறி ஏறிக் கேட்கும்போது விட்டுக்கொடுக்காமல் கேட்பதுதான் ஏலத்தில் ருசி. மாமாவும் தாவீதும் அந்தச் சேவலுக்கு அடித்துக்கொண்டதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வேன் புறப்பட்டது. எங்கள் ஊர்க் கரும்பும் சேவலும் சிதம்பரத்து வீடுகளுக்குப் போய்விட்டன. என் மடியில் சிதம்பரத்துப் பூசணிக்காய் ஒன்று இருந்தது.